தோலின் நிறம்: வெளிர் மஞ்சள்

1

இந்தக் கதையை எங்கே எடுத்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில், வரிசையில் நிற்கும்போது. ஆதார் அட்டையில் என் பிறந்த தேதியைத் திருத்தப் போயிருந்தேன். எனக்கு முன்னால் பில்கிஸ் என்ற பெண் வெளிநாட்டில் படிப்பதற்கான விசா விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் கேட்டார்:

"அடையாளம் இன்னா போடட்டும்?"

"ஒண்ணும் இல்லண்ணா. இல்லன்னு போட்டுடுங்க."

"இல்லன்னு போட்டா கட்டம் நகராதும்மா. எதனா இருந்தாத்தான் அடுத்த பக்கம் போவும்."

அவ்வளவுதான். அவள் கடைசியில் என்ன சொன்னாள் என்று தெரியாது. அதற்குள் என்னை வேறு மேசைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பில்கிஸ் இனி இந்தக் கதையில் வர மாட்டாள். ஆனால் அந்தக் கட்டம் வரும்.

வீட்டுக்கு நடந்து வரும்போது இன்னொரு சொல் வந்து அதனோடு ஒட்டிக்கொண்டது: தோல். இதை வெளியூர் வாசகருக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். விளக்குவது எனக்குப் பிடித்த வேலை, பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் மனிதனைப் போர்த்தியிருப்பதற்குப் பெயர் 'மேலு'. மேலு எரியுது, மேலெல்லாம் சொறி. 'தோலு' என்றால் அது ஆட்டுடையது, இல்லாவிட்டால் மாட்டுடையது. எண்ணப்படுவது, விரிக்கப்படுவது, தரம் பிரிக்கப்படுவது. (ஆம்பூரில் எல்லோரும் இப்படியா பேசுகிறார்கள் என்று கேட்காதீர்கள். இந்தக் கதைக்குள் இருக்கும் ஆம்பூரில் எல்லோரும் இப்படித்தான்.)

ஒரு கட்டம், ஒரு சொல். இவை இரண்டும் மோதினால் என்ன ஆகும் என்று பார்க்கத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்:

பாலாற்றின் மணலில் விடியல் மெல்லப் பரவிக்கொண்டிருந்தபோது தனகோடி

வேண்டாம். விடியலுக்கும் விண்ணப்பத்துக்கும் சம்பந்தம் இல்லை.

இரண்டாவது தொடக்கம்:

அறுநூறு தொட்டிகள் கொண்ட அந்தத் தோல் கூடத்தில்

அறுநூறு தொட்டிகளா? நாற்பது போதும்.

மூன்றாவது: "1926ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஆம்பூரைச் சேர்ந்த தனகோடி, வயது இருபத்திரண்டு, ஜெர்மனி போய்த் தோல் பதனிடும் ரசாயனம் படிக்க விண்ணப்பித்தான்." இது நன்றாக இருக்கிறது. விண்ணப்பத்தைப் பற்றிய கதை விண்ணப்பம் போலவே தொடங்கட்டும்.

ஏன் 1926? பாஸ்போர்ட் என்ற வழக்கம் நிலைத்துவிட்ட காலமாக இருக்க வேண்டும். ஏன் ஜெர்மனி? இங்கிலாந்து போகிறவனுக்கு அன்று பாஸ்போர்ட் போதும். எனக்கு விசாவும் வேண்டும். அந்த ஆண்டில் சென்னையில் விசா கொடுக்க ஒரு ஜெர்மன் அதிகாரி இருந்தாரா என்று மூன்று பேரிடம் கேட்டேன். மூன்று பதில் கிடைத்தது. இருந்தார் என்று வைத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் இவனைப் பம்பாய்க்கு ரயில் ஏற்ற வேண்டும். என்னிடம் அவ்வளவு பக்கம் இல்லை.

3

இப்போது தனகோடியை நம்ப வேண்டும். முதலில் எனக்கே நம்பிக்கை வரவில்லை.

பேரணாம்பட்டு சாலையில் சேரியில் பிறந்த கிறிஸ்தவப் பையன். அப்பா, அம்மா இருவரும் காய்ச்சலில் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். அவனைவிட ஒன்பது வயது மூத்த அக்கா அன்னம்மாள் தோல் பதனிடும் கூடத்தில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்து அவனை மிஷன் பள்ளிக்கு அனுப்பினாள். மெட்ரிகுலேஷன் தேறினான். அதே கூடத்தில் அவனுக்கு வேலை: ஒரு கண்ணாடிக் குழாயைத் தோல் ஊறும் பட்டைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, எவ்வளவு முழுகுகிறது என்று பார்த்து, சாரம் எவ்வளவு என்று குறித்துக்கொள்வது. இப்படி ஒருவன் 1926இல் ஜெர்மனிக்கு மனுப் போடுவானா?

போடுவான். அவனிடம் ஒரு கேள்வி இருந்தது. அதைச் சொன்னால் நீங்களும் நம்புவீர்கள்.

உப்புத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு, மயிர் எடுத்து, சதை வழித்து, பிறகு ஆவாரம் பட்டைத் தண்ணீரில் நாள்கணக்கில் போடுவார்கள். வெளிர் மஞ்சளாக, கன்னத்தில் வைத்துக்கொள்ளலாம் போல வரும். ஆனால் வெயிலில் வைத்தால் சிவந்துவிடும். அதற்கு ஒரு மருந்து உண்டு: கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் போட்டு எடுத்தால் சிவக்காது. இது தொட்டியில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். ஏன் சிவக்காது என்று யாருக்கும் தெரியாது. தனகோடி பதினாறு வயதிலிருந்து இந்த 'ஏன்' ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தான்.

கூடத்து முதலாளி இஷ்தியாக் அகமதுவிடம் ஜாமீன் கையெழுத்துக் கேட்கப் போனபோது அவர் கேட்டார்:

"ஏன் செவக்கலன்னு தெரிஞ்சா, தோலு ஜாஸ்தி மஞ்சளாயிடுமா?"

"இல்ல மொதலாளி."

"பின்ன?"

"தெரிஞ்சிடும், மொதலாளி."

இஷ்தியாக் அகமது பேனாவை எடுத்தார். "பேஜார் புடிச்சவன்டா நீ" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

ஜெர்மன் பள்ளி (அதை ஓர் ஆற்றங்கரையில் நானே கட்டினேன்) கடிதம் அனுப்பியிருந்தது. அக்டோபர் முதல் தேதி வகுப்பில் இருக்க வேண்டும். தவறினால் இடம் வேறொருவருக்கு. அதற்கான கடைசிக் கப்பல் ஆகஸ்டு 28, கொழும்பிலிருந்து.

4

விண்ணப்பம் போகும் வழி இது. பாஸ்போர்ட் படிவம், இரண்டு படம், ஜாமீன் கடிதம். வேலூரில் ஓர் அலுவலகம். அங்கிருந்து போலீஸ் விசாரணைக்கு ஆம்பூர். அறிக்கை திரும்ப வேலூர். பொருந்தினால் சென்னை. சென்னையிலிருந்து பாஸ்போர்ட். அதைக் கையில் வைத்துக்கொண்டு விசா.

பாஸ்போர்ட் படிவத்தை நிரப்ப தனகோடிக்கு யாரும் தேவைப்படவில்லை. உயரம், கண், தலைமயிர் எல்லாம் எழுதினான். 'கண்ணுக்குத் தெரியும் அடையாளம்' என்ற கட்டத்தில் பேனா நின்றது. அவன் கைகள் இரண்டும் மணிக்கட்டு வரை பழுப்பு. ஆறு வருடப் பட்டைத் தண்ணீர். எலுமிச்சம்பழம் தேய்த்தும் போகவில்லை. வேலூர் ஸ்டுடியோவில் படம் எடுத்தபோது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நின்றான்.

'இல்லை' என்று எழுதினான்.*

* இதைக் கதையின் நடுவில் மறந்துவிடாதீர்கள். நான் மறந்துவிட்டு, இரண்டாவது பிரதியில்தான் கண்டுபிடித்தேன்.

5

விசாரணைக்கு வந்தவர் ஏட்டு கோதண்டராமன். கும்பகோணத்துக்காரர், எங்கள் பக்கத்துக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம். நல்ல மனிதர். வெளிநாடு போகிறவனை விசாரிக்கத் தனிப் படிவம் அவரிடம் இல்லை. ஆள் அடையாளம் எழுத அவரிடம் இருந்தது ஒரே அச்சுப் படிவம்: தேடப்படும் குற்றவாளிகளுக்கானது. அதில்தான் 'தோலின் நிறம்' என்ற கட்டம் இருந்தது.

தனகோடி அன்று வாணியம்பாடிக்குப் பட்டை பார்க்கப் போயிருந்தான். அன்னம்மாள் கூடத்துக்கு வெளியே தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடமாக அவளுக்கு அந்த வேலை. தம்பி தன்னோடு ஜெர்மனிக்கு ஓர் ஆட்டுத்தோலை எடுத்துப்போக வேண்டும் என்று கேட்டிருந்தான். அதன் நிறத்தை அங்கே சோதிக்க. அந்தத் தோல் அப்போது அவள் மடியில் இருந்தது.

"தனகோடி விஷயமா விசாரிக்க வந்திருக்கேம்மா. சீமைக்குப் போறதுக்கு."

"கேளுங்க ஏட்டய்யா."

ஏட்டு மரத்தடியில் உட்கார்ந்து, படிவத்தைத் தொடையில் வைத்துக்கொண்டு, தலை நிமிராமல் படித்தார்.

"தோல் என்ன நெறம்?"

அரசாங்கம் எடுத்துப்போகிற தோலைக் கூட விசாரிக்கிறதே என்று அன்னம்மாள் வியந்தாள். பிறகு, வாங்க வந்தவரிடம் சொல்வது போல, உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"வெளிர் மஞ்சள்."

"மஞ்சளா?"

"வெயில் பட்டா செவக்கும். ஆனா இதுக்குக் கடுக்காய் போட்டாச்சு. செவக்காது."

ஏட்டு யோசித்தார். கடுக்காய் வயிற்றுக்கு நல்லதுதான். எழுதிக்கொண்டார்.

"தடிப்பா, மெலிசா?"

"மெலிசு. ஆனா இழுத்தா தாங்கும்."

"வடு, தழும்பு?"

"முதுகுல உண்ணிக்கடி, மூணு."

(இங்கே இரண்டு நாள் எழுதாமல் நிறுத்திவைத்தேன். இந்த இடத்திலாவது ஏட்டுக்குச் சந்தேகம் வர வேண்டாமா? பிறகு புரிந்தது. சேரிக்காரர்களின் முதுகில் உண்ணி கடித்திருப்பது அவருக்கு ஆச்சரியமாகத் தோன்றவில்லை. இந்தத் தவறு முழுவதும் அகராதியால் வந்ததல்ல.)

"வேற?"

"கழுத்துல ஒரு கத்திக் கீறல்."

ஏட்டு முதல் முறையாக நிமிர்ந்தார். "யாரு போட்டது?"

"கசாப்புக்கடைக்காரன்தான். அவனுக்கு இன்னா அவசரமோ."

"கேஸ் ஆச்சா?"

"இதுக்கெல்லாம் கேஸ் போட்டா ஊர்ல ஒரு கசாப்புக்கடை இருக்காது, ஏட்டய்யா."

"ஆள் எப்படி? நல்ல மாதிரிதானே?" என்றார் ஏட்டு, அவனுக்காக வருத்தப்பட்டு.

'ஆள்' என்றால் கசாப்புக்காரனா என்று அன்னம்மாள் ஒரு கணம் குழம்பினாள். பிறகு, இந்தக் கும்பகோணத்து ஏட்டு தரத்தைத்தான் கேட்கிறார் என்று முடிவு கட்டினாள். "ரெண்டாம் தரம். அந்தக் கீறல் மட்டும் இல்லன்னா மொதல் தரம்."

6

ஆகஸ்டு 3ஆம் தேதி வேலூரிலிருந்து காகிதம் வந்தது. விண்ணப்பத்தில் 'அடையாளம் இல்லை' என்றிருக்கிறது. போலீஸ் அறிக்கையில் கழுத்தில் கத்திக்காயம், கசாப்புக்காரனோடு தகராறு, நடத்தை இரண்டாம் தரம். விவரங்கள் பொருந்தாததால் விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படுகிறது.

தனகோடி வாசித்துக் காட்டினான். அன்னம்மாள் இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். அழுவாள் என்று முதல் பிரதியில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.

"நான் சொன்னது ஒண்ணும் பொய் இல்லியே."

"பொய் இல்லக்கா. அது ஆட்டப் பத்தி. அவுரு கேட்டது என்னப் பத்தி."

"ஒன் மேலு இன்னா நெறம்னு கேட்டிருந்தா கறுப்புன்னு சொல்லிட்டுப் போறேன்."

"இப்போ இன்னா பண்றது?"

"அந்தத் தோலு எங்க?"

"பெட்டியில."

"எடு. நாளைக்கு வேலூரு போறோம்."

7

காலைப் பாசஞ்சரில் காட்பாடி, அங்கிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டி நடை. அலுவலகத்தின் பெயர் வேண்டாம். பள்ளியைப் போல இதையும் நானே கட்டினேன். தலைமை எழுத்தர் மேசையில் அன்னம்மாள் தோலை விரித்தாள்.

"இன்னாம்மா இது? நாத்தம்."

"நீங்க எழுதி வெச்சிருக்கிற ஆளுங்கய்யா." அவள் விரலை வைத்துக் காட்டினாள். "வெளிர் மஞ்சள். கழுத்துல கீறல். முதுகுல உண்ணிக்கடி, மூணு, எண்ணிப் பாருங்க. மெலிசு. இழுங்க, தாங்கும்." பிறகு தம்பியின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "இது தனகோடி. இவன் கழுத்த பாருங்க."

பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்தார்கள். தலைமை எழுத்தர் அறிக்கையை எடுத்தார். ஒவ்வொரு வரியாகப் படித்து, தோலில் பார்த்து, பென்சிலால் குறி போட்டார். எல்லாம் பொருந்தின. ஒரு காகிதமும் பொருளும் இவ்வளவு துல்லியமாகப் பொருந்தி அவர் பார்த்ததே இல்லை.

"ஏட்டு தப்பா எழுதல" என்றார் மெதுவாக. "ஆளுதான் மாறிப்போச்சு."

அறிக்கையை ரத்து செய்தால் ஏட்டுக்குக் கேள்வி வரும். கேள்விக்குப் பதில் வர இரண்டு மாதம் ஆகும். ஆனால் அறிக்கை சரி, அது வேறொன்றைப் பற்றியது என்று தகவல் கொடுத்தவர் வாக்குமூலம் தந்தால் கூடவே இணைத்துவிடலாம். கோப்பு நகரும். (இந்த மாதிரி வழிகளைக் கண்டுபிடிக்கிறவர்களால்தான் அலுவலகங்கள் நடக்கின்றன. எனக்கு அவர்களைப் பிடிக்கும்.)

வாக்குமூலம் எழுதி, படித்துக் காட்டி, மைப்பலகையை நகர்த்தினார். அன்னம்மாள் கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள். காகிதத்தில் ஒரு கறுப்பு முட்டை. ரேகை இல்லை. இன்னொரு முறை. மற்ற கை. இன்னொரு முட்டை.

"ரேகையே இல்லியேம்மா."

"சுண்ணாம்புத் தொட்டி தின்னுடுச்சுங்கய்யா. பதினோரு வருசம்."

"கையெழுத்துத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ ஒரு குறி போடு. தற்குறி. ஒனக்குத் தெரிஞ்ச குறி எதுவோ அது."

இன்று 'தற்குறி' என்றால் வசவு. எழுதப் படிக்கத் தெரியாதவனை அப்படித் திட்டுகிறோம். ஆனால் அந்தச் சொல் முதலில் குறித்தது ஆளை அல்ல. கையெழுத்துக்குப் பதிலாக ஒருவர் தன் கையால் போடும் குறியை. சட்டத்துக்கு அது போதும்.

அன்னம்மாளுக்கு மூன்று குறிகள் தெரியும். அவள் தினமும் தோல்களின் வால் முனையில் போடுகிறவை. ஒரு கோடு, முதல் தரம். இரண்டு கோடு, இரண்டாம் தரம். பெருக்கல் குறி, கழிவு. பேனாவை வாங்கிக்கொண்டாள். மேசைமேல் இருந்த தோலைப் பார்க்கவில்லை. தம்பியை மேலிருந்து கீழ்வரை, விற்பனைக்கு வந்ததைப் பார்ப்பது போலவே பார்த்தாள். பிறகு போட்டாள்.

ஒரு கோடு.

தலைமை எழுத்தர் அதன் கீழே எழுதினார்: 'இது அன்னம்மாள் தற்குறி.'

மடித்து வைக்கும்போது கேட்டார்: "சரி, இவனுக்கு அடையாளம்தான் இன்னா?"

"கை" என்றாள் அன்னம்மாள்.

தனகோடி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். "அது அடையாளம் இல்லிங்க. வேலை. நாலு மாசம் விட்டா போய்டும்."

எழுத்தர் 'இல்லை' என்பதை அப்படியே விட்டார்.

திரும்பும் ரயிலில் குடியாத்தம் தாண்டியதும் அன்னம்மாள் சொன்னாள்: "கைய ஒளிச்சிக்கினு அங்க போய் இன்னாத்தடா கத்துப்ப?"

8

பாஸ்போர்ட் ஆகஸ்டு 21 வந்தது. 24ஆம் தேதி சென்னையில், விசா அதிகாரியின் மேசை முன்னால் தனகோடி உட்கார்ந்திருக்கிறான். இன்று மாலை ரயில் ஏறினால் கொழும்பில் கப்பலைப் பிடிக்கலாம். இன்று விண்ணப்பம் திரும்பினால் கப்பல் போய்விடும், பள்ளியில் இடமும் போய்விடும்.

அதிகாரி ஒரு படிவத்தை நகர்த்துகிறார். பெயர். ஊர். படிக்கப்போவது. பிறகு, அதே கட்டம்: கண்ணுக்குத் தெரியும் அடையாளம்.

நான் இரண்டு முடிவு எழுதினேன்.

(அ) 'இல்லை' என்று எழுதுகிறான். பாஸ்போர்ட்டோடு பொருந்துகிறது. ஆனால் எழுதுகிற கை அதிகாரியின் கண்ணெதிரே, வெள்ளைக் காகிதத்தின் மேல், மணிக்கட்டு வரை பழுப்பாக இருக்கிறது. அவர் காகிதத்தைப் பார்க்கிறார், கையைப் பார்க்கிறார், காகிதத்தைப்

(ஆ) 'இரண்டு கைகள். மணிக்கட்டு வரை ஆவாரம் பட்டைக் கறை' என்று எழுதுகிறான். உண்மை. கையோடு பொருந்துகிறது. ஆனால் பாஸ்போர்ட்டோடு பொருந்தவில்லை. விவரங்கள் பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். இந்த முறை வாக்குமூலம் எழுதி இணைக்க நேரம்

இரண்டையும் பாதியில் விட்டேன். எழுத முடியாததால் அல்ல. முதலாவதை எழுதினால் அவனுக்குப் பதில் நான் பயப்படுவேன். இரண்டாவதை எழுதினால் அவனுக்குப் பதில் நான் தைரியப்படுவேன். கப்பலைத் தவறவிடப்போவது நான் அல்ல. அந்த உரிமை எனக்கு இல்லை என்று தோன்றியது.

ஒரு முடிவை மட்டும் யாருக்கும் தர மாட்டேன்: இருவரும் ஆம்பூருக்குத் திரும்பி, அத்தோடு சும்மா இருந்துவிட்டார்கள் என்பதை. வெளியே வேப்பமரத்தடியில், சுருட்டிய தோலை மடியில் வைத்துக்கொண்டு அன்னம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே போகுமுன் அவன் கேட்டான்:

"திருப்பி அனுப்பிட்டா இன்னாக்கா பண்றது?"

"அனுப்பட்டும். வேலூருக்கு வழி தெரியும். மெட்ராசுக்கும் தெரிஞ்சிடுச்சு. அடுத்த வருசம் கப்பல் விட மாட்டானா?"

அதிகாரி மைக்கூட்டைத் தள்ளி வைக்கிறார். தனகோடி இரண்டு கைகளையும் மேசைமேல் எடுத்து வைத்துவிட்டான். இதுவரை எழுதுவது என் பொறுப்பு, எழுதிவிட்டேன். பேனாவில் மை இருக்கிறது. கட்டத்தின் நீளம் ஒரு வரிதான். நீங்கள் எழுதுவதைத்தான் அவன் எழுதுவான்.

கண்ணுக்குத் தெரியும் அடையாளம்: ................................................